கீழிருந்து மேலே

"ஆற்றங்கரையில் ஒரு படகு கட்டிக் கிடந்தது. காற்று வந்தால் ஆடும். காற்று நின்றால் நிற்கும். ஒருநாள் கயிறு அறுந்தது..."

குளியலறைக்குள்ளிருந்து சின்னவளின் குரல் வந்தது. தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு மேலே, ஒரு எழுத்துகூடச் சிந்தாமல். கையில் அட்டையும் கிடையாது, புத்தகமும் கிடையாது. சோப்பு மட்டும்தான் இருந்திருக்கும்.

வெளியே கதவில் சாய்ந்துகொண்டு பெரியவன் விரலால் தாளம் தட்டிக்கொண்டிருந்தான்.

"அறுந்ததுன்னதும் நிறுத்து. அங்க ஸ்டாப்பிங். ஆள் இறங்கணும், ஆள் ஏறணும். அப்புறம்தான் விசில்."

"எல்லாம் தெரியும்டா அண்ணா. நீ போ, நான் குளிக்கணும்."

சமையலறையில் அவர்களுடைய அம்மா சாப்பாட்டு டப்பாக்களை மூடிக்கொண்டிருந்தாள். ஒரு டப்பாவின் மூடியை இன்னொன்றின் மேல் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். அது உட்காரவில்லை. எப்படி உட்காரும்? கை ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம்.

இன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் அந்தச் சோதனை.

பிள்ளைகளின் அப்பா இறந்துபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பஸ் கண்டக்டர். காதில் பென்சில் செருகியபடியே வாழ்ந்தவர். வீட்டில் ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மகன் 'முழு டிக்கெட்'. மகள் 'அரை டிக்கெட்'. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற மனைவி 'லென்ஸ்'. "எங்க வீட்டு லென்ஸுக்குத் தெரியாம ஒரு எறும்பு உள்ள வர முடியாது" என்று டிப்போ முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அந்த லென்ஸுக்குக் கண்ணெதிரே இருந்த ஒன்று இத்தனை வருஷம் தெரியாமல் போனதுதான், இந்தச் சில வாரங்களாக அவளைப் போட்டு அரித்துக்கொண்டிருந்தது.

அவர் இருந்தவரை சாயங்காலம் வந்ததும், காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல், மகளின் பாடப் புத்தகத்தைக் கையில் எடுப்பார். "மழைக்காடு, மழைக்காடு! மழைக்காடு இறங்கறவங்க முன்னால வாங்க!" சின்னவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். மறுநாள் பரீட்சையில் அந்தப் பாடம் அப்படியே வந்து நிற்கும். கையெழுத்து கோணல்மாணல்தான். ஆனால் விஷயம் இருக்கும். டீச்சர்களும் மார்க் போட்டுவிடுவார்கள்.

அப்பாவும் மகளும் விளையாடுகிறார்கள் என்றுதான் லென்ஸ் நினைத்தாள்.

அவர் போனார். பின்னாலேயே மார்க்கும் போனது. ஊரெல்லாம் துக்கம் என்றது. அவள் மட்டும் கண் என்றாள். "எழுத்தெல்லாம் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதும்மா" என்று மகள் சொன்ன அன்றைக்கே ஒரு கண்ணாடி போட்டுவிட்டாள். சரிவரவில்லை என்று இன்னொன்று. அதற்கு மேல் இன்னொன்று. கடைசியில் கண் டாக்டர், "கண்ணுல ஒண்ணும் இல்லம்மா, பொண்ணை விட்டுடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அதன் பிறகுதான் பள்ளிக்கூடத்துப் பயிற்சி டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். வகுப்போடு ஒட்ட முடியாத பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லித் தருகிறவர். 'டிஸ்லெக்சியா' என்று ஒரு சொல்லைச் சொன்னார். "அறிவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. எழுத்தும் ஒலியும் சேர்ற இடத்துல ஒரு சிக்கல். இருக்கான்னு முதல்ல பாத்துடலாம்."

அந்தச் சொல் அவளை அவ்வளவாக மிரட்டவில்லை. மிரட்டியது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைமை ஆசிரியை சொன்னதுதான். "இந்தப் பள்ளிக்கூடம் அவளுக்குச் சரிப்படுமான்னும் நாம யோசிக்கணும்."

சரிப்படாது என்றால் எங்கே போவது?

அதே பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புப் படிக்கிற பெரியவன், போன வாரம் ஒரு வேலையாகப் பயிற்சி டீச்சரின் அறைக்குப் போனான். டீச்சர் அங்கே இல்லை. மேஜைமேல் சோதனை அட்டைகள் இருந்தன. கையில் போன் இருந்தது. சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அந்தப் படங்களை அம்மாவிடம் காட்டினான். பார்த்தும் பார்க்காததுபோல் அவள் தண்ணீர் எடுக்க எழுந்து போனாள். போகிற போக்கில் ஒன்று மட்டும் சொன்னாள்.

"எப்படியாவது அவளைப் பாஸ் பண்ண வெச்சுடுடா."

*

கண்ணாடிக் கடையில் காலை நேரம் அவளுடையது. டாக்டர் மதியத்துக்கு மேல்தான் வருவார். அதுவரை லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்றபடி தேய்ப்பது, மூக்கில் வழுக்குகிறதைச் சரிசெய்வது, காதுப்பக்கம் வளைத்துக் கொடுப்பது, வருகிறவர்களை எழுத்துப் பலகைக்கு எதிரே நிறுத்தி முதல் சோதனை பார்ப்பது எல்லாம் அவள்தான். மதியம் லீவு சொல்லியிருந்தாள். சோதனை முடிந்து டீச்சர் பேசும்போது போனால் போதும். அழைத்துப்போகப் பெரியவன் இருக்கிறான்.

இருந்தும் கால் தரையில் நிற்கவில்லை. தேய்த்த லென்ஸையே மறுபடி தேய்த்தாள். ஒரு ஃபிரேமின் இடது காதை வலதில் மாட்டப் பார்த்தாள்.

"என்னம்மா, இன்னிக்கு நீங்க கண்ணாடி போடணும் போல இருக்கே" என்றார் முதலாளி.

அப்போதுதான் ஒரு லாரிக்காரர் வந்தார். லைசென்ஸ் புதுப்பிக்கவேண்டும், பார்வைச் சான்று வேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, ஒரு கண்ணை மூடச் சொன்னாள்.

மனிதர் மடமடவென்று சொன்னார். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, பொடி எழுத்து. கடைசி வரிசையில் எறும்பு மாதிரி ஊர்கிற எழுத்துக்களைக்கூட மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டு, மார்க் கேட்கிற பிள்ளை மாதிரி அவளைப் பார்த்தார்.

அவள் பலகையைப் பார்க்கவில்லை. அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையாகப் படிக்கிறவர்களின் கண் ஓடும், சுருங்கும், ஒரு எழுத்தில் தடுக்கி நிற்கும். மனப்பாடம் செய்தவர்களின் கண் சும்மா இருக்கும். வேலை முழுக்க வாய்க்குத்தான்.

"ரொம்ப நல்லது. இப்ப கீழே இருந்து மேல படிங்க."

"எதுக்குக்கா? ஊரே மேல இருந்துதானே படிக்குது?"

"ரோட்டுல எல்லாம் வரிசையாத்தான் வருமாண்ணே உங்களுக்கு?"

அவர் பலகையைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். கழுத்தை நீட்டினார். பிறகு ஒரு அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

"யாரு சொல்லிக் கொடுத்தது?"

"என் மச்சான்தான். முன்ன ஒரு தடவை இங்க வந்தப்ப போன்ல படம் பிடிச்சுட்டு வந்தான். ஒரு வாரமா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே ஒப்பிச்சேன்." குரல் தணிந்தது. "ஃபெயில் ஆக்கிடாதீங்கக்கா. வண்டியைப் பிடுங்கிடுவாங்க."

இப்படிப்பட்டவர்களுக்குச் சொல்ல அவளிடம் ஒரு பேச்சு உண்டு. எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்தது.

"இது உங்களைத் தள்ளிவிடற சோதனை இல்லண்ணே. உங்களுக்கு எவ்வளவு தெரியலைன்னு தெரிஞ்சாத்தானே நான் அதுக்கு ஏத்த கண்ணாடி போட முடியும்? நீங்க பாஸ் பண்ணிட்டீங்கன்னா வெறுங்கண்ணோட போகவேண்டியதுதான்."

சொல்லிவிட்டு, சோதனை ஃபிரேமை எடுத்து அவர் மூக்கில் வைத்தாள். ஒரு லென்ஸைச் செருகினாள். அடுத்ததை எடுத்த கை அந்தரத்தில் நின்றது.

பாஸ் பண்ணிட்டீங்கன்னா.

"அடேயப்பா!" என்றார் லாரிக்காரர். "அந்த மூலையில பல்லிக்கா! அதுக்கு வாலே இல்ல!"

அது அவள் காதோரமாகப் போனது. லென்ஸை மேஜையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். பெரியவனின் போன் அணைந்திருந்தது. பள்ளிக்கூட அலுவலகத்துக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி பெரியவன். மறுபடி அலுவலகம்.

கைப்பையைத் தோளில் மாட்டியபோது முதலாளி எழுந்தேவிட்டார். "என்னம்மா, வீட்டுல தீ கீ பிடிச்சுடுச்சா?"

"ஆமாங்க. நானே வெச்ச தீ. இவருக்கு டாக்டர் வந்ததும் பாக்கச் சொல்லுங்க."

*

வந்த பஸ்ஸில் தெரிந்த கண்டக்டர். கணவரோடு ஒன்றாக வேலை பார்த்தவர்.

"வாங்க அண்ணி. ஏன் இப்படி மூச்சு வாங்குது? உக்காருங்க."

"டிரைவர்கிட்ட கொஞ்சம் சீக்கிரம் போகச் சொல்லுங்களேன்."

"சொல்லலாம். சிக்னலுக்கு யார் சொல்றது?"

சிக்னல் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், கம்பியைப் பிடித்தாள், மறுபடி உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டுப் பெண் குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டு ஒதுங்கினாள்.

என்ன காரியம் செய்தோம்! கடைக்கு வருகிறவர்களை எல்லாம் பிடித்துக் கேள்வி கேட்டவள், சொந்த வீட்டில் ஒரு வாரமாக நடந்த ஒப்பித்தலைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டு டப்பா மூடியிருக்கிறாள். போதாததற்கு, உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. அப்பா மாதிரியே ஞாபகசக்தி என்று.

பள்ளிக்கூட வாசலில் இறங்கியபோது இடைவேளை மணி அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வெள்ளம்போல எதிரே வந்தார்கள். ஒதுங்கி, இடித்து, மன்னிப்புக் கேட்டு, மாடி ஏறிப் பயிற்சி அறை வராந்தாவுக்கு வந்துவிட்டாள்.

பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் குதித்து எழுந்தாள்.

"அம்மா! ஒரு தப்புகூட இல்லம்மா! மூணு அட்டையும்! மிஸ் அப்படியே என்னையே பாத்தாங்க!"

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. பெரியவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "எப்படி? நம்ம டிரெய்னிங் அப்படி."

அவள் மகளின் தலையைத் தொட்டாள். அதற்குள் கதவு திறந்தது.

"நீங்களே வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. உள்ள வாங்கம்மா."

சின்ன அறை. உயரம் குறைந்த ஒரு மேஜை. கையால் தடவிப் பார்க்கிற சொரசொரப்பான எழுத்துக்கள் ஒரு தட்டில். இன்னொரு தட்டில் விரலால் எழுதிப் பழக மணல். படிக்கிற பக்கத்தின் மேல் வைக்கும் கலர் கண்ணாடித்தாள்கள். ஜன்னலோரம் பாடங்களைக் கேட்க ஹெட்போன்கள். பயிற்சி டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"எனக்கே குழப்பமா இருக்கும்மா. அவ கிளாஸ் நோட்டைப் பாத்தா ஒரு விதமா இருக்கு. இங்க என்னடான்னா தண்ணி மாதிரிப் படிக்கறா. இது முதல் வடிகட்டல்தான். இதுல தடுமாறினாத்தான் அடுத்த சோதனைக்கு அனுப்ப முடியும். அவ தடுமாறவே இல்லையே."

"அப்ப என்ன எழுதுவீங்க டீச்சர்?"

"அப்பா இல்லாத வருத்தம், மனசு தேறினா மார்க்கும் தேறும்னுதான் எழுதணும். தனிப் பயிற்சி, பரீட்சைக்கு உதவி எதுவும் கேக்க முடியாது. நல்ல சேதிதானே? ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?"

அடுத்த வாரம் வருஷப் பரீட்சை. அதில் தவறினால் அதே வகுப்பில் மறுபடி உட்காரவேண்டும் என்று வகுப்பு ஆசிரியர் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு, ஓடுகிற எழுத்துக்களைத் துரத்திக்கொண்டு, மூன்றாவது கண்ணாடியையும் போட்டுக்கொண்டு சின்னவள் தனியாக உட்கார்ந்திருப்பது அவள் கண்முன் வந்தது.

வெளியே அந்த வெளிச்சம். உள்ளே டீச்சரின் மேஜையில் இந்தப் பேனா. பேனா மூடி இன்னும் திறக்கவில்லை.

"ஒரு ரெண்டு நிமிஷம் டீச்சர். பொண்ணுகிட்ட பேசிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் எழுதாதீங்க."

*

பெஞ்சில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்குக் கடைக்கு ஒரு லாரிக்காரர் வந்தார்."

"ம்."

"போர்டைப் பாக்காமலே கடைசி வரி வரைக்கும் சொல்லிட்டார்."

"அட, கில்லாடி!"

"கில்லாடிதான். கீழே இருந்து மேல படிங்கன்னேன்."

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

"மாட்டிக்கிட்டாரா? திட்டினியா?"

"திட்டலை. கண்ணாடி போட்டேன். மூலையில பல்லி இருக்கு, வாலில்லன்னு கத்தறார். இத்தனை நேரமும் அது அங்கயேதான் இருந்துச்சு."

பெரியவனுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "அம்மா, வேணாம். அவ பாஸ் பண்ணிட்டா. இத்தோட விடு."

"பாஸ் பண்ணினா வெறுங்கண்ணோட போகணும்டா."

"எப்படியாவதுன்னு நீதானே சொன்னே? ஒரு வாரமா என் படிப்பை விட்டுட்டு இவளைக் கட்டி மேய்ச்சேன்ல, அதுக்கு இதுவா?"

"நான்தான் சொன்னேன். தப்பு என்னோடதுதான். கத்தாத, பள்ளிக்கூடம்."

"நீதான் கத்தற!"

சின்னவள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் படிச்சது கணக்குல சேராதா?"

லாரிக்காரருக்குச் சொல்ல வாக்கியம் தயாராக இருந்தது. மகளுக்குத் தயாராக ஒன்றுமில்லை.

"நீ ஞாபகம் வெச்சுக்கிட்டே கண்ணு. அது சாதாரண விஷயமா? உங்கண்ணனால முடியுமா? ஆனா அவங்க கேட்டது வேற. உனக்கு எங்க முடியலைன்னுதான் கேக்கறாங்க. அதை நாம மூணு பேரும் சேர்ந்து மூடி வெச்சுட்டோம்."

"முடியலைன்னு சொன்னா வேற ஸ்கூலுக்கு அனுப்பிடுவாங்கல்ல?"

"அனுப்பினா அன்னிக்கு நான் வந்து சண்டை போடறேன். என் சண்டை எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்" என்றாள் சின்னவள், சிரிக்காமல்.

பிறகு மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றினாள். மடித்து, அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது வேண்டாம்மா. மூணுமே வேண்டாம். நீ ஆசையாப் போட்டியேன்னுதான் போட்டுக்கிட்டிருந்தேன்."

எழுந்து, தானே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

இவர்கள் இருவரும் பின்னால் ஓடியபோது அவள் மேஜைக்கு முன் நின்றுகொண்டிருந்தாள். முதல் அட்டையை எடுத்தாள். எழுத்து கீழே போகும்படி கவிழ்த்து வைத்தாள். அதன் வெறும் முதுகைப் பார்த்தபடி ஆரம்பித்தாள்.

"ஆற்றங்கரையில் ஒரு படகு கட்டிக் கிடந்தது. காற்று வந்தால் ஆடும். காற்று நின்றால் நிற்கும். ஒருநாள் கயிறு அறுந்தது." ஸ்டாப்பிங். ஆள் இறங்கி, ஆள் ஏறி, விசில். "படகு யாரையும் கேட்காமல் கிளம்பிவிட்டது..."

கடைசி வரி வரை சொல்லி முடித்தாள். "மூணையும் இப்படியே சொல்வேன் மிஸ்."

பயிற்சி டீச்சர் கவிழ்ந்த அட்டையைப் பார்த்தார். சிறுமியைப் பார்த்தார். அலமாரியைத் திறந்து வேறு ஒரு கட்டிலிருந்து ஒரு அட்டையை உருவி எதிரே வைத்தார்.

சின்னவள் விரலை முதல் சொல்லின் கீழே வைத்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கண் ஓடியது, சுருங்கியது, தடுக்கி நின்றது, திரும்பி வந்தது. முதல் சொல்லைக் கண்டுபிடித்தாள். இரண்டாவதை ஊகித்தாள். மூன்றாவதில் விரல் நகரவில்லை. மூக்கு நுனியில் வியர்வை. இரண்டு வகுப்பு கீழே படிக்கிற பிள்ளைகளுக்கான நாலு வரி அது.

லென்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் மகள் படிப்பதை இப்படி நேருக்கு நேர் அவள் பார்த்ததேயில்லை.

"எனக்கு இது ஏறல மிஸ்" என்றாள் சின்னவள்.

"போதும்மா." டீச்சர் அட்டையை எடுத்துக்கொண்டார். "இதைச் சொல்றதுக்கு எத்தனை பேர் என்கிட்ட வருஷக்கணக்கா எடுத்துக்கறாங்க தெரியுமா?"

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மூன்று பேருக்கும் சேர்த்துச் சொன்னார். வாரத்தில் சில பீரியட் சின்னவள் இங்கே வருவாள். எழுத்தையும் ஒலியையும் உடைத்து உடைத்து, தொட்டுப் பார்த்து, மணலில் எழுதிப் பழகுவாள். பாடங்களைக் காதால் கேட்கலாம். வகுப்பில் திடீரென்று எழுப்பிவிட்டுப் படிக்கச் சொல்லமாட்டார்கள். எழுத்துப் பிழைக்கு மார்க் குறைக்கமாட்டார்கள். பரீட்சையில் தனி அறை, கூடுதல் நேரம், கேள்வியைப் படித்துச் சொல்ல ஒரு ஆள்.

"படிச்சுச் சொல்ல ஆள் வெச்சா அது ஏமாத்து இல்லையா மிஸ்?" என்றான் பெரியவன். வாயை மூடிக்கொண்டிருக்க அவனுக்கு வராது.

"கண்ணாடி போட்டுக்கிட்டு வண்டி ஓட்டினா ஏமாத்தாடா?" என்றாள் அம்மா.

டீச்சர் சிரித்தார். ஆனால் சிரிப்பு சட்டென்று அடங்கியது. "ஒரு விஷயம் இருக்கு. இந்த அட்டைங்க இனி செல்லாது. வேற தொகுப்பு வரவழைச்சு, வெளியில இருந்து ஆள் வந்து முழுசா சோதிக்கணும். அதுக்குள்ள பரீட்சை வந்துடும். தலைமை ஆசிரியை மனசு வெச்சா இந்தப் பரீட்சைக்கு மட்டும் இப்பவே ஆள் போடலாம். ஆனா அவங்ககிட்ட நான் முழுசையும் சொல்லியாகணும். அட்டை எப்படி வெளிய போச்சுங்கறதையும் சேர்த்து."

"நான்தான் சொன்னேன் டீச்சர், எப்படியாவது..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"படம் எடுத்தது நான் மிஸ்." பெரியவனின் காலர் எப்போதோ இறங்கியிருந்தது. "என் பேரைச் சொல்லிக்கோங்க."

கடைசி வகுப்பு. இன்னும் சில வாரத்தில் நன்னடத்தைச் சான்று வாங்கவேண்டியவன். டீச்சர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில, வகுப்பு தொடங்கறதுக்கு முன்னால, மூணு பேரும் வாங்க. அவங்க என்ன சொல்வாங்கன்னு எனக்கே தெரியாது. கோபக்காரங்க. ஆனா காது கொடுத்துக் கேப்பாங்க."

*

அன்றைக்கு வீட்டுக்குப் போக டீச்சரே அனுமதி வாங்கித் தந்தார், பிள்ளைகள் பையை எடுக்க வகுப்புக்குப் போனார்கள். அவள் கிளம்பத் திரும்பியபோது டீச்சர் கேட்டார்.

"அந்த ஸ்டாப்பிங், விசில் எல்லாம் யாரோட ராகம்?"

"அவங்க அப்பாவோடது. பஸ் கண்டக்டரா இருந்தார்."

"காதுல பென்சில் செருகியிருப்பாரா?"

அவள் நின்றுவிட்டாள்.

"நான் தினமும் அந்த பஸ்லதான் வருவேன்" என்றார் டீச்சர். "ஒருநாள் பக்கத்துல வந்து நின்னு கேட்டார். எல்லாம் புரியற பொண்ணு, எழுத்தைக் கண்டா மட்டும் ஓடறா, என்ன செய்யலாம்னு. யாரு பொண்ணுன்னேன். சொந்தக்காரப் பொண்ணுன்னார். கூட்டிட்டு வாங்கன்னேன். வீட்டுல ஒரு ஆளோட சம்மதம் வாங்கணும், வாங்கினதும் வரேன்னார். அப்புறம் அந்த பஸ்ல அவரை நான் பாக்கவே இல்ல. நீங்க சொல்ற வரைக்கும் எனக்குத் தோணவே இல்லம்மா."

வீட்டுல ஒரு ஆள்.

படி இறங்கும்போது அந்தச் சொற்கள் செருப்புக்குள் போன கல் மாதிரி உறுத்தின. அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து, ஒரு சம்மதத்துக்காகக் காத்திருந்து, கேட்காமலே போயிருக்கிறார். அவ்வளவு பயமா என்னிடம்? எல்லாவற்றையும் பார்க்கிற லென்ஸ் என்று ஊரெல்லாம் சொன்ன மனுஷன், எனக்குத் தெரியாமல் மறைக்கவா அப்படிச் சொன்னார்? செத்துப்போனவரிடம் கோபப்படவும் முடியாமல், படாமல் இருக்கவும் முடியாமல் அவள் பஸ்ஸில் ஏறினாள்.

அதே பஸ்தான், அதே கண்டக்டர்தான். பெரியவன் தள்ளிப்போய் நின்றுகொண்டான். இன்னும் உறுமிக்கொண்டிருக்கிறான் என்று முதுகே சொன்னது. சின்னவள் ஜன்னலோரம்.

கொஞ்ச தூரம் போனதும் அம்மா மெல்லக் கேட்டாள். "அப்பாவுக்கு இது தெரியுமாடி?"

"தெரியும்."

"என்கிட்ட சம்மதம் கேக்கப் பயந்தாராக்கும்."

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். "உன்கிட்டயா? என்கிட்டதான்மா கேட்டார். பஸ்ல ஒரு மிஸ் வராங்க, போய்ப் பாக்கலாமா அரை டிக்கெட்னு. நான்தான் மாட்டேன்னேன். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

"ஏண்டி?"

சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நம்ம ஸ்டாப்பிங் வந்துடுச்சும்மா."

வரவில்லை. இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

இரண்டாவது தடவை கேட்க நாக்கு துடித்தது. காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தவள், அந்தக் கேள்வியை மட்டும் பிடித்து நிறுத்தினாள். மகளின் பையைத் திறந்து, கைக்கு வந்த பாடப் புத்தகத்தை எடுத்தாள்.

"அது வர வரைக்கும் படிக்கட்டுமா?"

தோள் அசைந்தது. சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

அவள் படித்தாள். பார்வைச் சான்று வாசிக்கிற மாதிரி இருந்தது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. நிறுத்தவில்லை.

"அப்பா மாதிரியே இல்ல" என்றாள் சின்னவள், ஜன்னலைப் பார்த்தபடி.

"இல்லதான்."

"பரவால்ல, படி. அங்க நிறுத்தணும்."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. இறங்குகிறவர்கள் இறங்கினார்கள், ஏறுகிறவர்கள் ஏறினார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டு, அவள் பாடம் படிக்கிற குரல் வந்த திசையில் திரும்பினார். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். அவள் வாக்கியத்தை முடித்து மூச்சு விடுகிறவரை விசில் ஊதப்படவில்லை.